தேர்தலுக்கு முன் விலகுவதா, நின்று தோற்பதா?

பதவி விலகும் மூத்த அரசியல்வாதி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அறிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். குடும்பத்தோடு இருக்க வேண்டும், உடம்பு முன்போல் இல்லை, அடுத்த தலைமுறைக்கு வழிவிட வேண்டும். கேட்கிறவர்கள் கண்ணடித்துச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. வருடக்கணக்கில் ஒரு நாட்டை நடத்தியவர் களைத்துவிட்டேன் என்றால் பெரும்பாலும் அது நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் களைப்பு ஒரே நாளில் வருவதில்லை; விலகலுக்கு மட்டும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதி எப்படி வந்தது என்று பார்த்தால் உள்ளே ஓடிய கணக்கு பிடிபடும்.

நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்னை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு வேண்டிய தெம்பு இனி தன்னிடம் இல்லை என்று 2023 ஜனவரி 19 அன்று அறிவித்தார். அதே பேச்சில் பொதுத்தேர்தல் அக்டோபர் 14 என்றும் சொன்னார். எம்.பி. பதவியை மட்டும் ஏப்ரல் வரை விடப்போவதில்லை என்றார். பொதுத்தேர்தலுக்கு ஆறு மாதத்துக்குள் ஓர் இடம் காலியானால், நாடாளுமன்றத்தில் முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டால், இடைத்தேர்தல் இல்லாமலே விட்டுவிட அங்கே சட்டத்தில் வழி உண்டு. ஏப்ரல் 15-ல் எம்.பி. பதவியையும் விட்டார். மவுண்ட் ஆல்பர்ட் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்கவில்லை. புதுப் பிரதமருக்கு அந்த ஒரு தலைவலி மிச்சம். களைப்பு உண்மைதான். அதை அறிவித்தவர் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அறிவித்தார்.

தேர்தல் நெருங்குகிறது, செல்வாக்கு சரிகிறது, கட்சிக்குள் முணுமுணுப்பு கேட்கிறது. இந்த நிலையில் ஒரு தலைவருக்கு என்னென்ன வழிகள்? நின்று மோதலாம். ஒன்றரை ஆண்டு அவகாசம் வைத்து வாரிசிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். கடைசி நேரத்தில் இறங்கலாம். அடுத்த முறை நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பதவிக்காலம் முடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். கட்சியே மாறலாம். இவற்றை ஒப்பிடும்போது ஒரு சிக்கல் வரும். தலைவருக்கு நல்லது, கட்சிக்கு நல்லது, வாரிசுக்கு நல்லது ஆகிய மூன்றும் ஒரே வழியில் கிடைப்பது அபூர்வம்.

நின்று மோதுவதைத்தான் பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இதைத் துணிச்சல் என்பதைவிடப் பழக்கம் என்றே சொல்வேன். நாலு தேர்தல் ஜெயித்தவருக்கு ஐந்தாவதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும். கருத்துக்கணிப்பு போன தடவையும் இப்படித்தானே சொன்னது என்ற பதிலும் தயாராக இருக்கும். ஆஸ்திரேலியாவின் ஜான் ஹோவர்டு 1996 முதல் நான்கு தேர்தல்களில் வென்றவர். 2007 செப்டம்பரில், சிட்னியில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, தான் தொடரலாமா என்று அமைச்சர்களின் மனதை அறிந்துவரச் சொன்னார். பலரும் போவதே நல்லது என்று சொல்லிவிட்டார்கள். போகவில்லை. ஜெயித்தால் நடுவில் நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோவிடம் ஒப்படைப்பதாக வாக்காளர்களிடம் சொன்னார். அரைகுறை விடைபெறலுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? நவம்பரில் ஆட்சி போயிற்று. 1974 முதல் அவர் கையிலிருந்த பென்னலாங் தொகுதியும் போயிற்று. மறுநாளே காஸ்டெல்லோ தலைமைப் பொறுப்பு வேண்டாம் என்று ஒதுங்கினார். ஒரே வாரத்தில் ஆட்சி, தலைவர், வாரிசு மூன்றையும் கட்சி இழந்தது.

இதைப் பார்க்கிறவர்கள் உடனே சொல்லும் மாற்று, முன்னதாகவே விலகுவது. புத்தகப்படி இதுதான் சிறந்த வழி. ராபர்ட் மென்சிஸ் 16 ஆண்டுக்கு மேல் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்துவிட்டு 1966 ஜனவரியில் தானாக இறங்கினார். அந்த நவம்பரில் ஹரோல்டு ஹோல்ட் பெருவெற்றி பெற்றார். மேற்கு வங்கத்தில் 23 ஆண்டுகள் முதல்வராக இருந்த ஜோதிபாசு 2000 நவம்பரில் புத்ததேவ் பட்டாச்சார்யாவிடம் ஒப்படைத்தார். ஆறே மாதத்தில் வந்த தேர்தலில் இடது முன்னணிக்கு 294-ல் 199 இடங்கள். அழகான உதாரணங்கள்தான். ஆனால் இவற்றை வைத்துப் பாடம் எடுக்க எனக்குத் தயக்கம். இருவரையும் யாரும் தள்ளவில்லை. இருவருடைய கட்சியும் தோற்கும் நிலையில் இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர்?

சாதாரணமாக நடப்பது பிரிட்டனில் மார்கரெட் தாட்சருக்கு நடந்தது. 1990 நவம்பரில் சொந்தக் கட்சி எம்.பி.க்களே அவரை இறங்க வைத்தார்கள். தேர்தலுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இருந்தது. ஜான் மேஜர் வந்தார்; தெருக்களில் கலவரம் வரை கொண்டுபோன தலைவரியைக் கைவிட்டார். ஏழையும் பணக்காரரும் ஒரே தொகை கட்டும் அந்த வரிதான் தாட்சர்மேல் இருந்த கோபத்தின் உருவம். 1992 ஏப்ரலில், தோற்கும் என்று பலரும் எழுதிவைத்திருந்த கட்சி 21 இடப் பெரும்பான்மையோடு திரும்பியது. முகம் மாறினால் மட்டும் போதாது. பழையவரின் பெயரில் இருக்கும் ஏதோ ஒன்றைப் புதியவரால் தூக்கியெறிய முடிய வேண்டும். தாட்சரே உட்கார்ந்திருந்தால் அந்த வரியைத் தூக்கியெறிந்திருக்க முடியாது.

அதிக அவகாசமும் ஆபத்துதான். 2007 ஜூனில் டோனி பிளேரிடமிருந்து கார்டன் பிரவுன் பொறுப்பேற்றார். முதல் சில மாதங்கள் கருத்துக்கணிப்பில் முன்னிலை. அந்த இலையுதிர் காலத்திலேயே தேர்தல் வைக்கலாமா என்று கட்சியே தயாராகிக்கொண்டிருந்தபோது, அக்டோபரில் இல்லை என்றுவிட்டார். 2010 வரை இழுத்ததில் நிதி நெருக்கடியும் வந்தது, புதியவர் பழையவராகிவிட்டார், ஆட்சி போனது. வாரிசுக்குக் கிடைக்கும் தேனிலவு ஒரு முறைதான். அதற்குள் தேர்தலை வைத்துக்கொள்ள முடிந்தால் லாபம்.

இந்திய மாநிலங்களில் அந்தச் சுதந்திரமும் குறைவு. தேர்தல் எப்போது என்பது ஏறக்குறைய முன்பே தெரிந்ததுதான். இங்கே மேலிடம் முதல்வரை மாற்றுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. குஜராத்தில் 2021 செப்டம்பரில் விஜய் ரூபானி விலகினார். அவரோடு அமைச்சரவை முழுவதும் போனது. பூபேந்திர படேலுக்கு 15 மாதம் கிடைத்தது. பாஜகவுக்கு 182-ல் 156 இடங்கள். அதே கட்சி, அதே ஆண்டு ஜூலையில், கர்நாடகத்தில் எடியூரப்பாவை இறக்கியது. ஆட்சியின் இரண்டாண்டு நிறைவு விழா மேடையில் கண்ணீரோடு விலகலை அறிவித்தார் அவர். பசவராஜ் பொம்மைக்கு ரூபானியின் வாரிசைவிட அதிக அவகாசம் இருந்தது. 2023 மே மாதம் 224-ல் 66 இடங்கள்தான். அவகாசம் மட்டுமே வேலை செய்திருந்தால் கர்நாடகம்தான் ஜெயித்திருக்க வேண்டும். கட்சியின் வாக்குவங்கியே தன் கையில் இருக்கும் ஒருவரை, அவர் அழுகிறதை எல்லாரும் பார்க்கும்படி அனுப்பினால், அந்த வாக்குவங்கி புதியவருக்கு அப்படியே மாறிவிடாது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான ஜோடி ஜப்பானில் இருக்கிறது. 2021 செப்டம்பர் தொடக்கத்தில், கொரோனாவைக் கையாண்ட விதத்தில் பெயரை இழந்திருந்த பிரதமர் யோஷிஹிதே சுகா, கட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றார். கிஷிதா வந்தார், பதவியேற்ற அதே அக்டோபரில் தேர்தல் வைத்தார், லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 465-ல் 261 இடங்கள், தனிப்பெரும்பான்மை. மூன்றாண்டு கழித்து 2024 ஆகஸ்டில் கிஷிதாவும் அதையே செய்தார். இஷிபா வந்தார், அவரும் அக்டோபரிலேயே தேர்தல் வைத்தார். 191 இடங்கள், கூட்டணிக் கட்சியைச் சேர்த்தும் பெரும்பான்மை இல்லை.

கட்சி ஒன்று, முறை ஒன்று, மாதம்கூட ஒன்று. வேறுபட்டது கோபத்தின் முகவரி. 2021-ல் மக்கள் சலித்துக்கொண்டது சுகாவிடம். அவர் போனதும் சலிப்பும் பெருமளவு போனது. 2024-ல் பிரச்சினை கட்சியின் குழுக்கள் கணக்கில் காட்டாமல் வைத்திருந்த நிதி. கிஷிதா போனாலும் அந்த எம்.பி.க்கள் அங்கேயேதான் இருந்தார்கள். விலகலாமா என்று யோசிக்கும் தலைவரோ, விலகச் சொல்லும் கட்சியோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கோபம் ஆள்மேலா, ஆட்சிமேலா? ஆர்டெர்ன் விஷயத்தில் பதில் பின்னால்தான் தெரிந்தது. அவருக்குப் பின் வந்த கிறிஸ் ஹிப்கின்ஸ் பழைய திட்டங்கள் பலவற்றை மேஜர் பாணியில் தூக்கியெறிந்தார். கட்சி 65 இடத்திலிருந்து 34-க்கு வந்தது. விலைவாசிமேல் இருந்த கோபத்துக்குப் பிரதமரின் பெயர் முக்கியமாக இல்லை.

கடைசி நேர விலகலுக்கு வருவோம். இதற்குக் கனடாவைவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. மூன்று பிரதமர்கள் மூன்று விதமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1984-ல் பியர் ட்ரூடோ விலகி ஜான் டர்னரிடம் பொறுப்பைக் கொடுத்தார். போகும்போது வேண்டியவர்களுக்குப் பதவிகளை வாரிக்கொடுத்துவிட்டு, அவற்றில் ஒரு பகுதியில் டர்னரே கையெழுத்துப் போடும்படி ஏற்பாடும் செய்துவிட்டுப் போனார். ஜூலை மாதத் தொலைக்காட்சி விவாதத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பிரையன் மல்ரோனி இதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேறு வழியில்லை என்றார் டர்னர். வழி இருந்தது, முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்று விரலை நீட்டினார் மல்ரோனி. அந்தச் சில விநாடிகளோடு டர்னரின் கதை முடிந்தது. செப்டம்பரில் கட்சிக்கு 40 இடங்கள் மிஞ்சின.

ஒன்பது ஆண்டு கழித்து, விரல் நீட்டிய அதே மல்ரோனி, தேர்தல் ஆண்டின் நடுவில் கிம் கேம்பலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜூன் கடைசியில் பதவியேற்பு, அக்டோபர் 25-ல் தேர்தல். 1988-ல் 169 இடங்கள் வென்ற கட்சிக்கு இரண்டே இரண்டு இடங்கள். கேம்பலின் சொந்தத் தொகுதியும் அதில் இல்லை. மல்ரோனி மேல் இருந்த வெறுப்பில் குறைவில்லை. ஆனால் அதற்குள் மேற்கு மாகாணங்களிலும் க்யூபெக்கிலும் கட்சியின் அடித்தளமே பிரிந்து வேறு கட்சிகளுக்குப் போய்விட்டிருந்தது.

பிறகு 2025. ஜஸ்டின் ட்ரூடோ ஜனவரி 6 அன்று விலகுவதாக அறிவிக்கிறார். மார்ச் 14-ல் மார்க் கார்னி பதவியேற்கிறார். அன்றே மக்கள் கட்டிவந்த கார்பன் வரியை நீக்குகிறார். ஒன்பதே நாளில் தேர்தல் அறிவிப்பு, ஏப்ரல் 28-ல் வாக்குப்பதிவு. எல்லாரும் எழுதித் தள்ளியிருந்த லிபரல் கட்சி 343-ல் 169 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. அமெரிக்கா வரிவிதிப்பாலும் இணைப்புப் பேச்சாலும் மிரட்டியது கார்னிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், மறுக்கவில்லை. ஆனாலும் ட்ரூடோ போகாமல் அந்த அதிர்ஷ்டம் கட்சிக்குப் பயன்பட்டிருக்காது.

ஆளுங்கட்சிக்கு இவ்வளவு ஆபத்தான இந்த விளையாட்டு எதிர்க்கட்சிக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1983 பிப்ரவரி 3 அன்று, ஆஸ்திரேலியாவில் தேர்தல் அறிவிக்கப்பட்ட அதே நாளில், தொழிற்கட்சித் தலைவர் பில் ஹேடன் விலகினார். பாப் ஹாக் ஒரே மாதத்தில் பிரதமர். 2017-ல் நியூசிலாந்தில் ஆண்ட்ரூ லிட்டில் வாக்குப்பதிவுக்கு ஏழு வாரம் இருக்கும்போது இறங்கினார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஆர்டெர்ன். எதிர்க்கட்சித் தலைவரிடம் பொறுப்பேற்கக் கடந்தகாலம் எதுவும் இல்லை, ஒளித்துவைக்க வேண்டிய கோப்பும் இல்லை. 2024 ஜூலை 21-ல் ஜோ பைடன் ஒதுங்கியபோது கமலா ஹாரிஸுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. துணை அதிபராக அதே ஆட்சியின் பாதி முகம் அவர். தூக்கியெறிய அவரிடம் எதுவும் இல்லை. நாளும் 107 தான் இருந்தன.

நிற்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு முடியும்வரை உட்கார்ந்திருப்பது மரியாதையான வழி. தலைவரின் பெயருக்கு இதைவிடப் பாதுகாப்பு இல்லை. ஜெர்மனியின் ஏங்கலா மெர்கல் 2018 அக்டோபரில் அறிவித்து, 2021 டிசம்பர் வரை சான்சலராக (அங்கே பிரதமர் பதவி அதுதான்) இருந்து, தோற்காமலே போனார். தோற்றது கட்சி. நடுவில் ஒரு வாரிசு ஓராண்டு சற்றுத் தாண்டியதுமே கைவிட்டுப் போனார். இரண்டாமவர் லாஷெட் வாங்கியது 24.1 சதவீதம், அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே குறைவு. ஆட்சி ஒருவரிடமும் கட்சி இன்னொருவரிடமும் இருந்தால் வாரிசு எதையும் செய்து காட்ட முடியாது; செய்து காட்டாதவருக்கு வாக்காளர் எதை வைத்து ஓட்டுப் போடுவார்?

கட்சி மாறுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தொகுதி உங்களுடையதா கட்சியுடையதா என்பதுதான் அதில் கேள்வி. 2020 கடைசியில் திரிணமூலை விட்டுப் பாஜகவுக்குப் போன சுவேந்து அதிகாரி நந்திகிராமில் மம்தா பானர்ஜியையே 1,956 வாக்கில் தோற்கடித்தார். நந்திகிராம் அவர் வளர்த்த இடம். 2022 ஜனவரியில் உத்தரப்பிரதேச அமைச்சர் பதவியை உதறிவிட்டுச் சமாஜ்வாதிக்குப் போன சுவாமி பிரசாத் மவுரியா, புதுத் தொகுதியான ஃபாசில்நகரில் தோற்றார்.

ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, போகிறவருக்குப் போக இடம் இருக்கிறதா என்பது. 2021 செப்டம்பரில் பஞ்சாபில் அமரீந்தர் சிங்கை ஏறக்குறைய அவமானப்படுத்தித்தான் காங்கிரஸ் வெளியேற்றியது. அவர் தனிக்கட்சி தொடங்கினார், பாட்டியாலாவில் தானும் தோற்றார். ஐந்தே மாதம் கிடைத்த புதிய முதல்வர் சன்னி நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்றார். 77 இடம் வைத்திருந்த கட்சி 18-க்கு வந்தது. 2024 மார்ச்சில் அரியானாவில் மனோகர் லால் கட்டாரைப் பாஜக இறக்கியபோது நயாப் சிங் சைனிக்கும் ஏழு மாதத்துக்குக் குறைவான அவகாசம்தான். ஆனால் கட்டாருக்குக் கர்னால் மக்களவைத் தொகுதி கிடைத்தது, ஜூனில் மத்திய அமைச்சரானார். அக்டோபரில் கட்சிக்கு 90-ல் 48. குறுகிய அவகாசம் இரண்டிலும் ஒன்று. ஒன்றில் போனவர் வாசலில் நின்று கல்லெறிந்தார். மற்றதில் உள்ளேயே வேறு அறைக்குப் போனார்.

காமராசருக்கும் வேறு அறை இருந்தது, அதுவும் பெரிய அறை. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி, 1963 அக்டோபரில் அவரே முதல்வர் பதவியை விட்டார். ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் அந்தத் திட்டத்தில் விலகினார்கள். அடுத்த ஆண்டே அகில இந்தியத் தலைவர். இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர் கை இருந்தது. ஆனால் பக்தவத்சலத்தின் ஆட்சியில் 1965 மொழிப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் வந்தன. 1967-ல் மாநிலத்தில் காங்கிரஸ் வீழ்ந்தபோது விருதுநகரில் காமராசரே 1,285 வாக்கில் தோற்றார். நாற்காலியை விட்டு மூன்றரை ஆண்டாகியிருந்தும், கட்சியின் முகமாக அவர்தான் இருந்தார். பில் அவர் பெயருக்கே வந்தது.

என்னிடம் யோசனை கேட்கிற நிலையில் யாரும் இல்லை. கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கோபம் உங்கள்மேல் என்றால், ஒரு வருடத்துக்குக் குறையாமல் அவகாசம் விட்டுப் போங்கள். போகும்போது வாரிசு தூக்கியெறிவதற்கு வசதியாக உங்கள் பெயரில் உள்ள ஒரு திட்டத்தை விட்டுவிட்டுப் போங்கள். அவர் தூக்கியெறியும்போது பேட்டி கொடுக்காதீர்கள். கோபம் கட்சிமேல் என்றால் நீங்களே நில்லுங்கள். தோல்வியை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டால் வாரிசு அடுத்த முறைக்கு மிஞ்சுவார். கேம்பலைப்போல ஒருவரை நான்கு மாதத்தில் எரித்துவிடுவதைவிட அது கண்ணியம்.

அப்படி நிற்க மனமோ ஆதரவோ இல்லாவிட்டால் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி 2013-ல் செய்தது ஒரு வழி. ஜூன் கடைசியில் ஜூலியா கில்லார்டை இறக்கிவிட்டு, அவர் முன்பு இறக்கிய கெவின் ரட்டையே மறுபடி கொண்டுவந்தார்கள். பலரும் அதை ஜெயிப்பதற்கான ஏற்பாடாகப் பார்க்கவில்லை. கிரிக்கெட்டில் வெளிச்சம் மங்கும்போது நல்ல பேட்ஸ்மேனைக் காப்பாற்ற இறக்கும் நைட் வாட்ச்மேன் போலத்தான் ரட்டின் வேலை. செப்டம்பரில் தோற்றார்; 150-ல் 55 இடங்கள் மிஞ்சின. கில்லார்டு அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை, ரட் அந்த ஆண்டுக்குள்ளேயே நாடாளுமன்றத்தை விட்டார். அக்டோபரில் கட்சித் தலைவரான பில் ஷார்ட்டன், 2016-ல் 69 இடங்களுக்குக் கொண்டுவந்தார், எதிரணிக்கு 76.